பாடுகிற பொம்மைக்கு ஒட்டிய சொல்

நேற்று மருமகள் வாங்கி வந்த பீங்கான் கோப்பைகளின் அட்டைப்பெட்டி மேல் ஆங்கிலத்தில் ‘சார்மிங்’ என்று இருந்தது. அதைப் படித்த கையோடு என் விரல் ஒரு கோப்பையைச் சுண்டிப் பார்த்துவிட்டது. கணீரென்றது. “ஏன் அத்தை, பார்த்துத்தானே வாங்கியாந்தேன்” என்றாள். உன்னைப் பற்றி அவளிடம் எங்கிருந்து தொடங்குவது? கோப்பையைக் கீழே வைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துப் பொம்மைக் கம்பெனியில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து தரம் பிரித்தோம். சூளையிலிருந்து வரும் பீங்கான் பொம்மையைச் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அது செகண்ட்ஸ் கூடைக்குப் போகும். கணீரென்றதற்கு ‘சார்மிங்’ சீட்டு ஒட்டுவோம். பக்கத்துக் கொட்டகையில் கல்மாவு அரைப்பார்கள். சாயங்காலம் நம் இமை மயிரெல்லாம் வெளுத்திருக்கும். கல்யாணம் கட்டிக்கொண்டு இந்தத் தூசியை விட்டுப் போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் உன் ஆசை.

அந்தச் சொல்லுக்கு அழகு என்று அர்த்தம் சொன்னார் சூப்பர்வைசர். நீ விடவில்லை. “அழகுக்கு பியூட்டிஃபுல்னு எட்டாங்கிளாஸ்லயே படிச்சேன்டி. அப்பறம் இது எதுக்கு தனியா?”

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினோம். என் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்தேன். லத்தீனில் பாட்டு என்று பொருள்படும் ஒரு சொல்லில் பிறந்ததாம். பிறகு பாடிக் கட்டுகிற மந்திரம், வசியம், தாயத்து என்றெல்லாம் ஆகி, கடைசியில் மனத்தைக் கவருகிற எதற்கும் பெயராகிவிட்டது. சிரிப்புக்குச் சொல்லலாம், பேச்சுக்குச் சொல்லலாம், ஊருக்குக்கூடச் சொல்லலாம். குழம்புக்குச் சொல்ல முடியாது என்றேன். நீ சிரித்த சிரிப்பில் நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நாம சரியாத்தான் ஒட்டறோம். பாடற பொம்மைக்குத்தானே ஒட்டறோம்” என்றாய்.

அதன்பிறகு எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். சில்லறைக்குக் கத்துகிற பஸ் கண்டக்டர் சார்மிங், முறைத்துப் பார்க்கிற சூப்பர்வைசர் ரொம்ப சார்மிங். மங்கலம்பேட்டைப் பக்கமிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். நீ ஒரு சீட்டை எடுத்து என் கன்னத்தில் ஒட்டினாய். அவ்வளவு பிடித்திருந்தது உனக்கு. ஆனால் காபி கொடுக்கும்போது நீ இருமியிருக்கிறாய். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

இருமல் நிற்காமல் போகவே உன்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் உன் முதுகில் ஒரு கை விரலை வைத்து, இன்னொரு கை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். நீ தலையைச் சாய்த்தாய். பொம்மையைச் சுண்டிப் பார்க்கிற பலகையின் முன்னால் தினமும் சாய்க்கிற அதே சாய்ப்பு. எனக்கும் கேட்டது. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் எக்ஸ்ரேவுக்கு எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டாய். “எடது பக்கம் டொக்குங்குது. கேட்டுதில்ல?”

“டாக்டரே ஒண்ணும் சொல்லலையே” என்றேன்.

“நம்ம ரெண்டு பேருக்கும் அவரு சொல்லணுமாடி?”

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதற்கும் நோய் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை. உன் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். பொம்மைகள் வழக்கம்போலக் கணீரென்றன, நான் சீட்டு ஒட்டினேன். அதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? விரிசலைக் கேட்கத்தான் நமக்குத் தெரியும், ஒட்டவைக்கத் தெரியாது.

இப்போதும் அப்படித்தான். போன வாரம் பேரனுக்குச் சளிக் காய்ச்சல். டாக்டர் அவன் சட்டையைத் தூக்கி, முதுகில் விரலை வைத்தார். குழந்தையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.