கூட்டாமல், குறைக்காமல்

12-11-51, திங்கள்

காலையிலிருந்து மழை. குடைக்கம்பி ஒடிந்தது. ஈஜோக் பஸ் இன்றும் இல்லை. போன வாரம் கம்யூனிஸ்டுகள் எரித்த பஸ்ஸுக்கு மாற்று விடவில்லை. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சோடா உப்பு (வயிறு மறுபடியும்), கமலத்துக்குக் கறுப்பு நூல்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரே ஒரு விசாரணை. முனியாண்டி, ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். அவன் வெட்டும் நிரையில் ஒரு மரத்தடியில் அரிசிப் பொட்டலம் கிடைத்திருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு வைத்தது என்று வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை முடிவே கட்டிவிட்டார். கேட்டதையே கேட்டார். நீ கொடுத்தாயா, நீதானே கொடுத்தாய். தமிழில் திருப்பித் திருப்பிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. மு.வுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆமாங்க, குடுத்தேன்னே வச்சுக்குங்க. எம் புள்ளைங்களுக்குக் கஞ்சிக்கு இல்ல, காட்டுக்குள்ள விருந்து வச்சேன்."

இங்கிலீஷில் அப்படியே போட்டேன். ஆம், கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், என் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு இல்லை, காட்டுக்குள் விருந்து வைத்தேன். துரை நிமிர்ந்து பார்த்தார். எழுதிக்கொண்டார். மு. கைநாட்டு வைத்துவிட்டு, "போலாமாங்க?" என்று என்னைக் கேட்டான்.

மத்தியானம் ரசம் மட்டும். கம்போங் குவாந்தான் படகுக்காரர் ஊரடங்கு வந்ததிலிருந்து சரியாக மீன் பிடிக்கப் போவதில்லையாம்.

13-11, செவ்வாய்

மழை விட்டது. கொசு.

ஸ்டேஷன் விஷயம் வீட்டில் பேசுவதில்லை. இன்று வாய் தவறிவிட்டது. விருந்து வைத்த கதையைக் கேட்டு முதலில் கமலம் சிரித்தாள். "வாய்க்கொழுப்பப் பாரு. தொரை என்னா சொன்னாரு?" ஒப்புக்கொண்டான் என்று எழுதிக்கொண்டார் என்றேன்.

"எப்படிங்க? குடுத்தேன்னு வச்சுக்குங்கன்னா குடுக்கலன்னுதானே அர்த்தம்? நீங்க எடுத்துச் சொல்லலையா?"

"அது என் வேலையில்ல. சொன்னதச் சொல்றதுதான் என் வேல."

"சொன்னதச் சொல்லுமாம் கிளிப்பிள்ள. அதுக்கு எதுக்குப் படிச்ச மனுஷன்?"

கோபம். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அரிசி பங்கீட்டு அட்டைக்கு வரும் நாளில் பாதிச் சோறு வீண். அதுவும் தப்பு.

கொஞ்சம் ஆறிய பிறகு. கொள்கை என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். கூட்டாதே, குறைக்காதே. தோட்டத்தில் கிராணியாக இருந்து பால் எடை போட்டு எழுதிய காலத்தில் பிடித்தது. ஆட்களை மேய்க்கும் மண்டோர் தராசுத் தட்டை விரலால் தட்டுவான், நான் தட்டமாட்டேன். கை சுத்தமான ஆள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில்தான் இந்த மொழிபெயர்ப்பு வேலை. ஸ்டேஷனில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். நான் சொல்வதைச் சரிபார்க்க ஆள் கிடையாது. அதனாலேயே இன்னும் கண்டிப்பாக இருந்தேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

சரி, கேள்விக்கு வருகிறேன். அவன் சொன்னது எனக்குப் புரியவில்லையா? புரிந்தது. அவன் வாயை மூடுமுன்னே புரிந்தது. வார்த்தை எல்லாம் போய்ச் சேர்ந்தது, அவன் சொன்னது போய்ச் சேரவில்லை.

14-11, புதன்

துரையிடம் போனேன். தமிழில் அப்படிச் சொன்னால் மறுப்பது என்று பொருள், கேலியாகச் சொன்னான் என்றேன்.

அவன் 'ஆம்' என்று சொன்னானா? சொன்னான். நீ எதையாவது கூட்டினாயா? இல்லை. குறைத்தாயா? இல்லை. பிறகென்ன என்றார். காகிதம் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. முதலில் தடுப்பு முகாம், அப்புறம் கப்பலேற்றிச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மு. பிறந்தது ஈஜோக்கில். இந்தியாவில் யார் இருக்கிறார்கள் அவனுக்கு?

போகும்போது தோளில் தட்டினார். உன்னைப் போல வார்த்தை மாறாத ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார். என் கொள்கையையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார்.

இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். இதற்கு மேல் பேசினால் நானும் அவர்கள் ஆள் என்று ஆகிவிடும். கை சுத்தம் கை சுத்தம் என்று இருந்தேன். அவனைக் கைகழுவியிருக்கிறேன், அவ்வளவுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

15-11, வியாழன்

மழை. வயிறு. சோடா உப்புக்கும் கேட்கவில்லை.

கமலம் சாப்பாடு வைக்கிறாள், போகிறாள்.

குடை ரிப்பேர் ஆயிற்று. கடையில் யாரோ யாரிடமோ: "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா." யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

16-11, வெள்ளி

மு.வின் பெண்சாதி வந்தாள். அஞ்சலை. இடுப்பில் குழந்தை. மற்ற இரண்டும் தோட்டத்து லயத்து வீட்டில், பக்கத்து வீட்டுப் பொறுப்பில். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருக்கிறாள். மலாயும் வராது. என்ன வேண்டுமாம், கேள் என்றார் துரை.

"நாந்தாங்க அரிசி வச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரு கத்தியக் காட்டிக் கேட்டானுங்க, வச்சுட்டேன். என்னைப் புடிச்சுக்கிட்டு அவர விட்ருங்க."

நிஜமா, புருஷனை மீட்கச் சொல்லும் பொய்யா, எனக்குத் தெரியவில்லை. இந்த முறை 'வச்சுக்குங்க' எல்லாம் இல்லை. நேரான பேச்சு. கூட்டவும் குறைக்கவும் இடமே இல்லாத பேச்சு. சொன்னால் இவளும் உள்ளே. அவனையும் விடமாட்டார்கள், இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள் என்பார்கள். பிள்ளைகள் மூன்று. ஒருவேளை அவனை விட்டாலும் விடலாம். அதுவும் தெரியவில்லை. துரை பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

தன் புருஷன் நல்லவன், விட்டுவிடுங்கள் என்று அழுகிறாள் என்றேன். அவள் அழவில்லை.

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றார் துரை. பேனாவை மூடினார். அனுப்பிவிடு என்றார்.

வாசல்வரை கூடப் போனேன். தூறல். குடையைக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள், பிறகு குழந்தைக்காக வாங்கிக்கொண்டாள்.

"நான் சொன்னத அப்படியே சொன்னீங்களாய்யா? ஒரு வார்த்த விடலியே?"

"அப்படியே சொன்னேம்மா."

"அப்பா வந்துருவாரு சாமி," என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே ஈஜோக் பக்கம் நடந்தாள்.