லைனை விட்டு இறக்கிய வண்டி

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

போனில் கேட்டால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அப்புறம் மறந்தும் போவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், வேறு என்ன செய்ய?

உன் மாமா கார் வாங்கப் போகிறார். சிரிக்காதே. இருபது வருஷமாக பஸ் ஓட்டி ஊராரையெல்லாம் இறக்கிவிட்டாயிற்று, பெண்டாட்டி பிள்ளையை ஒரு நாளாவது உட்காரவைத்து ஓட்ட வேண்டுமாம். அதுவும் உங்கள் கம்பெனி வண்டிதான். "என் மச்சான் கடைசியில நின்னு பார்த்து அனுப்புற வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உன் மருமகள் வாயாடிக்குச் சிவப்பு நிறம்தான் வேண்டுமாம். ஒன்பதாவது படிக்கிற பெண் மாதிரியா அடம் பிடிக்கிறாள்?

நீயே நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடு. ஏதாவது ஓட்டை வண்டியைத் தலையில் கட்டினாயோ, வீட்டுப் படி ஏற விடமாட்டேன்.

உன் அக்கா

பிப்ரவரி 27

அன்பு அக்காவுக்கு,

சிவப்பே கிடைத்துவிட்டது, வாயாடியிடம் சொல். இனி மாமன் காதைத் தின்ன வேண்டாம்.

மாசக் கடைசி வண்டிகளை நாங்கள் யாரும் சொந்தக்காரர்களுக்கு வாங்கித் தருவதில்லை. கணக்கு காட்டுகிற அவசரத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது. அதனால் மாச நடுவில் வந்ததில் ஒன்றைப் பிடித்தேன். பிரேக் சோதனை எல்லாம் முடிந்து வெளியே போகத் தயாராக இருந்த வண்டி அது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வண்டிகள் வரிசையாக நகர்ந்து போகும் லைனை விட்டு இறக்கி ஓரமாக நிறுத்தி, இன்னொரு தரம் முழுசாகப் பார்த்துவிடலாம் என்றேன். அக்கா வண்டி என்றதும் பசங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். என்னிடம் வேலை பழகின நெட்டை நாலு சக்கரத்தையும் கழற்றி உள்ளே பார்த்தான். எங்கள் பழைய ஆள், அந்த மூக்குக்கண்ணாடிக்காரர், கதவு இடுக்கையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரே கூத்துதான் போ. மற்ற வண்டிக்கெல்லாம் எனக்குக் கிடைப்பது ரெண்டு நிமிஷம். இதற்கு ஒரு மணி நேரம் செலவழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மாமாவை நிம்மதியாக ஓட்டச் சொல்.

தம்பி

மே 19

தம்பிக்கு,

வாயாடி போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. நீ வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போன பிறகு இந்த வீட்டில் பேச்சே கிடையாது. அவள் செருப்பு வாசலிலேயே இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

நீ இருந்தபோது கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். ராத்திரி டியூட்டி முடித்து வந்த மனுஷனை, படுங்கள், அவள் பஸ்ஸில் போய்க்கொள்வாள் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்காமல், பள்ளிக்கூடத்தில் நானே விடுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். அந்த இறக்கத்தில் நின்றிருந்த லாரியில் போய் மோதினார். இவர் நெற்றியில் நாலு தையலோடு வந்தார், அவள் வரவே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான். "பிரேக்கை மிதிச்சேன், கால் தரை வரைக்கும் போச்சு, வண்டி நிக்கலை." போலீசும் தூங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறது. முன்பக்கம் நொறுங்கிப் போனதில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

நான் அவரை நம்பவில்லை. நம்ப முடியாமல் அவரோடு ஒரே வீட்டில் இருப்பது நரகமாக இருக்கிறது. நீ பார்த்து அனுப்பின வண்டி. பிரேக் போயிருக்க வழி உண்டா இல்லையா, நீ சொல். நீ என்ன சொல்கிறாயோ அதுதான் எனக்கு முடிவு.

அக்கா

மே 26

அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அவள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த வண்டியில் பிரேக் போக வழியே இல்லை. எங்கள் தொழிற்சாலையிலிருந்து அவ்வளவு பார்த்து எந்த வண்டியும் போனதில்லை. மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. அசதியில் கண் சொக்கியது அவருக்கே தெரிந்திருக்காது. தெரிந்து யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், பெற்ற பெண் அல்லவா? அவரைத் திட்டாதே. ஆனால் என்னைக் கேட்டாயே, அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

தம்பி

ஜூன் 30

அக்கா,

போன மாதம் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. மாமாதான் உண்மை சொன்னார்.

மாமா இப்படிச் சொல்கிறார் என்று சாப்பாட்டு அறையில் பேச்சுவாக்கில் சொன்னேன். நெட்டை கை கழுவாமலே எழுந்து போனான். பின்னாலேயே போய்ப் பிடித்துக் கேட்டதும் உடைந்துவிட்டான். அன்றைக்குச் சக்கரத்தைக் கழற்றியவன், உள்ளே பிரேக் எண்ணெய்க் குழாயின் மூட்டில் ஈரம் மாதிரி தெரிகிறதே என்று தளர்த்தித் துடைத்திருக்கிறான். லேசாகப் பிடித்துவைத்தான், முழுசாக முடுக்குவதற்குள் நான் கதவைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். நான்தான் கூப்பிட்டேன் அக்கா. அவன் எழுந்து வந்த இடத்தில் கண்ணாடிக்காரர் போய்க் குனிந்து பார்த்திருக்கிறார். முடுக்கி முடித்த மூட்டில் மஞ்சள் புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். லைனில் முதலில் முடுக்கியபோது வைத்த புள்ளி அப்படியே இருந்தது. சரியாக இருக்கிறது என்று சக்கரத்தை மாட்டிவிட்டார். புள்ளி வைத்தாயிற்று என்று அவர் சொன்னதைக் கேட்டு நானும் கையெழுத்துப் போட்டேன். ஓட ஓட அந்த மூட்டு கழன்றுகொண்டே வந்திருக்கிறது.

கழற்றிய வண்டியைத் திரும்பப் பிரேக் சோதனைக்கு ஏற்ற வேண்டும். புதிதாக வந்த பையனுக்குக்கூட முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது அதுதான். இத்தனை பேர் இத்தனை தரம் பார்த்தாயிற்றே, இதற்குப் போய் என்ன சோதனை என்று விட்டுவிட்டோம். அந்த வண்டியை யாரும் தொடாமல் இருந்திருந்தால் அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். "அக்கா புருஷனைக் காப்பாத்தணும்னு தோணுறது சகஜம்தான், போய் ரெஸ்ட் எடு" என்றார். உடைந்த வண்டியை இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏற்கெனவே காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்களாம். நெட்டை வேலையை விட்டுவிட்டு எங்கே போனான் என்று தெரியவில்லை.

மாமாவிடம் இதைப் படித்துக் காட்டு. அவர் காலில் விழ நான் வருகிறேன். எப்போது வரட்டும்?

தம்பி

ஜூலை 11

தம்பிக்கு,

மே மாதம் நீ எழுதியதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன் என்று உனக்குத் தெரியாது. அவர் சமாதானமே சொல்லவில்லை. "உன் தம்பி பொய் எழுத மாட்டான். அப்போ நான்தான் தூங்கியிருக்கணும்" என்றார். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய், தூங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜாமீனில் இருக்கிறார், வேலை போய்விட்டது. நான் தடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு மனசு ஆறியது, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எழுதியதையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "பாவம், எனக்காக இப்படி எழுதுறான். இனிமே வேண்டாம்னு சொல்லு, அவன் வேலையும் போயிடும்" என்றார். இல்லைங்க, இதுதான் நடந்தது என்று அழுதேன். தூக்கம் வந்தது தனக்கு ஞாபகம் இருக்கிறதாம். அந்த இறக்கத்துக்கு முன்னால் கண் எரிந்ததும், அவள் ஏதோ பேசிக்கொண்டு வந்தது தூரத்தில் கேட்டதும்கூட ஞாபகம் இருக்கிறதாம். தினமும் ஒன்று கூடுதலாக ஞாபகம் வருகிறது.

காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறேன். குழந்தைக்குத் தலையாட்டுவதுபோல் எனக்குத் தலையாட்டுகிறார்.

நீ வர வேண்டாம். வந்தால் உன்னையும் தேற்றி அனுப்புவார். அதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை.

அக்கா