நாலாவது இலை

தென்காசி,
வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மாப்ளே பரீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதை நம்புகிற நிலையில் நான் இல்லை.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் குரல் இப்போதெல்லாம் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருக்கிறது. நான் சொல்வது பாதி உனக்குக் கேட்பதில்லை. கேட்கும் மீதிக்கும் நீ 'ம்' கொட்டிவிட்டு எங்கேயோ போய்விடுகிறாய். நம் தெரு முகம்மது ரபீக் லீவு முடிந்து சவூதிக்கு, தமாமுக்குத் திரும்புகிறான். உன் அறையிலேயே தங்குகிறவன் என்பதால் அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ கடைசி வரியைப் படிக்கும்வரை உன் பக்கத்திலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. சாரல் பிடித்துவிட்டது. காலையில் கடை திறந்தால் எதிர்வரிசைக் கடையே மங்கலாகத்தான் தெரிகிறது. என் செருப்புக்கடையில் ரப்பர் செருப்பைத் தவிர எதையும் யாரும் தொடுவதில்லை. உன் மகள் ஜுஹைனா பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் மழைக்கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று அதோடே தூங்குகிறாளாம். உன் வீட்டு மாடி ஒழுகியது. பேச்சிமுத்து தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு வந்தான். டாக்சி ஓட்டுகிறவன் கட்டிய கட்டு எத்தனை நாள் தாங்கும்? நீ வந்து ஒழுங்காகப் பூசினால்தான் உண்டு. ஸ்டான்லிக்கு வாத்தியார் வேலையில் தொப்பை இன்னொரு சுற்று வந்திருக்கிறது. அதைச் சொன்னால் கோபம் வேறு.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் எங்கெல்லாம் போனோம், என்ன சாப்பிட்டோம் என்று எழுதப் போகிறேன். உனக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தாலும் படி.

உன்னைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிய அன்றே இது தொடங்கிவிட்டது. புளியறை செக்போஸ்ட் தாண்டியதும் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் பேச்சிமுத்து வண்டியை ஓரங்கட்டினான். லாரிக்காரர்கள் கூட்டத்திலும் நம் மூலை மேசை காலியாக இருந்தது. ஸ்டான்லி சும்மா இருப்பானா? பரிமாறுகிறவரிடம், "நாலு எலை போடுங்கண்ணே, ஒராளு பின்னால வருதான்" என்றான். நீ அப்போது வானத்தில் இருந்திருப்பாய். நாலாவது இலையில் புரோட்டாவும் கோழிக் குழம்பும் விழுந்தன. அந்த இலையைப் பார்த்து உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே சாப்பிட்டோம். அழுகையை அப்படித்தான் சமாளித்தோம்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் உன் புரோட்டா வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனால் குழம்பில் கிடந்த கறிவேப்பிலையெல்லாம் பொறுக்கி எடுத்து, இலை ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. நீ அடுக்குவாயே, அதே மாதிரி. ஸ்டான்லி செய்த குறும்பு என்று நான் நினைத்தேன், நான் செய்தது என்று அவன் நினைத்தான். வீணாகக் கூடாதென்று பேச்சிமுத்து அந்த இலையைத் தன் பக்கம் இழுத்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "ஏலே, உப்பு ஒறப்பு ஒண்ணுமே இல்லல. காகிதத்தத் திங்க மாதிரி இருக்கு" என்றான். ஒரே சட்டியிலிருந்து ஊற்றிய குழம்புதான். எங்களுக்கு அந்தக் காரத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு எங்கே போனாலும் நாலு இலை என்று வழக்கமாகிவிட்டது. பாலருவிக்குப் போனபோதும், திருவேங்கடம் பக்கத்தில் பேச்சிமுத்துவின் சொந்தக்காரர் வீட்டுக் கிடாவிருந்துக்குப் போனபோதும் உனக்கென்று ஒன்று போட்டோம். உன் இலைச் சாப்பாட்டில் ஒரு நாளும் ருசி இருந்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தோம், மாப்ளே. நீ இல்லாத குறையே தெரியவில்லை என்று மூவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

ஆலங்குளத்தில் ஸ்டான்லியின் தங்கை பெர்சிஸ் கல்யாணம் நடந்தது அல்லவா? மாப்பிள்ளை நல்ல பையன், ஸ்டான்லிபோல வாயாடி இல்லை. பந்தி முடிந்து வரும்போது ஸ்டான்லியின் சித்தப்பா பென்னி அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரீது எப்பம்டே வந்தான்? வாசல்ல பன்னீர் தெளிக்க எடத்துல நின்னான். கையப் புடிச்சா கனமே இல்லியே, அங்கன அவனுக்குச் சோறு போடுதானுவளா இல்லியா?" என்று கேட்டார். நீ தமாமில் இருக்கிறாய் என்றேன். என்னையே கிண்டல் பண்ணுதியா என்று தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் உனக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னே, பிரியாணிக்கு ஊறுகாய் வைக்க மறந்துட்டானுவள்ல என்று நீ சிரித்தாய். மறந்தது உண்மைதான். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

உன் மனைவியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, தப்பாக நினைக்காதே. நீ போன புதிதில் மாஜிதா அழாத நாளில்லை. பிறகு ஒரு கட்டத்தில் அழுகை நின்றது, முகம் தெளிந்தது, நாங்களும் நிம்மதியானோம். நோன்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த நீ வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்றாய், அதுவும் தள்ளிப்போனது. ஏன் என்று அவள் கேட்டதற்கு, "நேத்துதான வந்தேன்" என்று சொன்னாயாம். நோன்பு திறக்கும் நேரத்தில் உன் வீட்டுக்குப் போன என் மனைவி மெஹர் பானு ஒன்றைப் பார்த்திருக்கிறாள். பெரிய சஹன் தட்டில் சோறு போட்டு மாஜிதாவும் ஜுஹைனாவும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சுவர்ப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துச் சோற்றில் குழந்தை கைவைப்பதே இல்லை. இது என்ன என்று மெஹர் பானு கேட்டதற்கு, "அவுக வந்து இருந்துட்டுத்தான் போறாக மைனி" என்று உப்பு விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாளாம். மெஹர் பானு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை என்னிடம் சொன்னாள்.

இந்தச் சாரலின் முதல் தண்ணீருக்கு ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூட்டத்தில் முட்டி மோதி உள்ளே போய் நின்றேன். கண்ணைத் திறக்க முடியாத வேகம். பின்னாலிருந்து என் முதுகில் இரண்டு முஷ்டியாலும் மாறி மாறிக் குத்து விழுந்தது. நீ குத்தினால்தான் எனக்கு இடுப்புப் பிடிப்பு விடும், உனக்குத் தெரியும். பிடிப்பு விட்டது. ஸ்டான்லிதான் என்று நினைத்து வெளியே வந்தால், அவன் இன்னும் நனையாமல் படிக்கட்டில் நின்று பழக்காரியிடம் மங்குஸ்தானுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பேச்சிமுத்து வண்டியைவிட்டே இறங்கவில்லை. வீட்டு வாசலில் நான் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது நான் ஒருத்தன்தான். ஈரம் இரண்டு பேருக்கு இருந்தது.

அன்று மதியம் நீ மாஜிதாவுக்குப் போன் போட்டிருக்கிறாய். பின்னால் ஒரே இரைச்சல், அது என்ன சத்தம் என்று கேட்டாளாம். அருவியில் தண்ணீர் ஜாஸ்தி என்றாயாம். அன்றைக்குக்கூட எனக்குப் பயம் வரவில்லை. சொன்னால் சிரிப்பாய், பெருமையாகத்தான் இருந்தது. கடல் தாண்டிப் போயும் நம்மை விட்டுப் போகாத சேக்காளி யாருக்குக் கிடைப்பான் என்று ஸ்டான்லியிடம் சொன்னேன்.

பிறகுதான் ரபீக் லீவில் வந்தான். கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே உன்னைப் பற்றிச் சொன்னான். பரீது அண்ணன் தட்டின் முன்னால் உட்காருகிறார், வாய் அசைகிறது, எழுந்து போன பிறகு பார்த்தால் தட்டில் சோறு அப்படியே இருக்கிறது என்றான். சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் தொங்குகிறது என்றான். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு நா ரூம்ல ஆளே இல்லன்னு லைட்ட அமத்திட்டு வெளிய வந்துட்டேன் அண்ணே. செருப்ப மறந்துட்டுத் திரும்பப் போயி லைட்டப் போட்டா, அண்ணன் கட்டில்ல உக்காந்திருக்காக. அவ்வளவு நேரமும் அங்கனதான் இருந்திருக்காக. என் கண்ணுக்குத் தெரியல" என்றான்.

நீ இங்கே வரவர அங்கே குறைந்துகொண்டு போகிறாய் என்று அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. நாங்கள் இலை போட்டுக் கூப்பிட்டிருக்கிறோம். நீயும் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறாய். இப்படியே இன்னொரு வருஷம் போனால் அங்கே என்ன மிஞ்சும்? எழுதவே பயமாக இருக்கிறது, பரீது.

மெஹர் பானுவையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய், இனி சஹனில் அந்த இடத்தை விடாதே தங்கச்சி என்று மாஜிதாவிடம் சொன்னேன். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "அரகொறையாவது வாராகளே, அதையும் கெடுக்கப் பாக்கியளா அண்ணே?" என்றாள். ரபீக் சொன்ன லைட் சங்கதியைச் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை குழந்தையை நெருக்கி உட்கார வைத்து, தானும் நகர்ந்து, அந்த இடத்தை மூடிவிட்டாளாம். ஒரு கவளம்கூடத் தின்னவில்லையாம்.

அதே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நாங்கள் புளியறைக்குப் போனோம். டிக்கியில் போட வேண்டிய அரிசி மூட்டையைப் பின்சீட்டில் உன் இடத்தில் ஏற்றி வைத்தேன். யாரும் பாட்டுப் போடவில்லை. கடையில் நான் மூன்று இலை என்றேன். பரிமாறுகிறவர் பழக்கத்தில் நாலு போட்டுவிட்டார். நாலாவது இலையில் தண்ணீர்கூடத் தெளிக்கவிடாமல் என் கையாலேயே மடித்தேன். பேச்சிமுத்து சாப்பிடாமலே எழுந்துவிட்டான்.

வண்டியைத் திருப்புவதற்காகச் செக்போஸ்ட் வரை போனோம். மழை அடித்துக்கொண்டிருந்தது. ஊர்ப்பக்கம் திரும்பியதும் பேச்சிமுத்து மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தான், வண்டி வேகம் குறைந்தது. "லே யாக்கூப், பின்னால நிக்கான்லே. நனையுதான். கையக் காட்டுதான்" என்றான். ஸ்டான்லி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டான். நிறுத்தாதே, ஓட்டு என்றேன். இரண்டு தடவை சொன்னேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். செங்கோட்டை வரும்வரை அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ரபீக் ஓடி வந்தான். உங்கள் அறையில் இருக்கும் இன்னொருவர் அவனுக்குப் போன் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் நீ கட்டிலில் உட்கார்ந்து குரல்விட்டு அழுதாயாம். வண்டியை நிறுத்தாமல் போய்விட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாயாம். பிறகு பசிக்கிறது என்று குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் வாங்கித் தின்றாயாம். பாதியில் நிறுத்தி, பருப்பில் உப்பு ஜாஸ்தி என்று சண்டை போட்டாயாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் கடை வாசலில், வந்து போகிறவர்கள் பார்க்க, நின்று அழுதோம்.

அதனால் என்மேல் கோபப்படு, திட்டு, பேசாமல் இரு. ஆனால் இலை போட மாட்டேன். மாஜிதா உப்புக்கண்டம் வறுத்துக் கொடுத்துவிட்டிருக்கிறாள், கறிவேப்பிலை நிறையப் போட்டு. அதை ரபீக் பார்க்கத் தின்ன வேண்டும். கறிவேப்பிலையை அங்கேயே, உன் தட்டிலேயே பொறுக்கி அடுக்கு. லீவுக்கு எழுதிக் கொடு. நேற்றுத்தான் ஊரில் இருந்தேன் என்று யாரிடமும் சொல்லாதே, நீ ஒரு வருஷமாக ஊரில் இல்லை.

திருவனந்தபுரத்தில் நாங்கள் மூன்று பேரும் வந்து நிற்போம். பின்சீட்டில் மூட்டை இருக்காது. புளியறை செக்போஸ்ட் வந்ததும் பேச்சிமுத்து வண்டியை நிறுத்துவான். மழையில் நின்றுகொண்டிருக்கிறவன் பக்கத்தில் நாங்கள் யாரும் போகமாட்டோம். நீ இறங்கிப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறு. அதற்குப் பிறகு நாலு இலை போடச் சொல்கிறேன்.

அல்லாஹ் உன்னை முழுசாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பானாக.

வஸ்ஸலாம்,
வண்டியை நிறுத்தாத உன்
யாக்கூப்