மாடியில் விளக்கு எரிகிறதா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் அப்பாவுக்கு முகத்தில் பாதிதான் நலம். பதறாதே, உடனே போனைத் தூக்காதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, முழுசாகப் படி.

முதலில் உன் விஷயம். நரம்புப் பாடத்தில் முகத்து நரம்பைக் கேட்ட கேள்வியால் செய்முறைத் தேர்வு போய்விட்டது, மறுதேர்வு எழுத மாட்டேன், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாயே, அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். போன விடுமுறையில் நீ இந்த வீட்டைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமா? மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்பு கிளம்புகிறதாம், வெறுமனே படித்தால் மண்டையில் நிற்காதாம், வீட்டு மனிதர்களாகப் படம் வரைந்து இடத்துக்கு ஒன்றாக ஒட்டிவிட்டால் கண்ணை மூடினாலும் தெரியுமாம். வாசனை பிடிக்கிற முதல் நரம்புக்கு, செருப்பு விடுகிற இடத்தில் உன் மாமாவின் காலுறை. தொண்டையில் தொடங்கி நெஞ்சு, வயிறு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் நுழைகிற பத்தாவது நரம்புக்கு, வீடு வீடாகச் சுற்றுகிற உன் சித்தி. நாக்கை ஆட்டுகிற பன்னிரண்டாவதற்கு ஆள் தேடினாயாக்கும், என் தையல் மிஷினுக்கு நேர் எதிரே முழ நீள நாக்கோடு நான். துணி கொடுக்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, சாயல் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெற்ற வயிறு குளிர்ந்துபோய்க் கிடக்கிறது.

ஏழாவது நரம்பு முகத்துக்கு, அது அப்பாவுக்குக் கிடைத்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே இரண்டு படம். அவர் முகம்தான் மாடி வீடு, நெற்றி மாடி, வாய் கீழ்வீடு. ஒரு படத்தில் பாதி வீடு மேலும் கீழும் இருட்டு, இன்னொன்றில் கீழே மட்டும் இருட்டு, மாடியில் விளக்கு எரிகிறது. இரண்டிலும் வாய் ஒரு பக்கமாகத் தொங்கும். ஒன்று பக்கவாதம் மாதிரி மூளையில் அடி, மற்றது நரம்பில் மட்டும் கோளாறு என்று மூச்சு விடாமல் பாடம் நடத்தினாய். உன் அப்பா பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிடுகிற டிரில் வாத்தியார் அல்லவா, விளையாட்டுப் புத்தி போகுமா. அன்றிலிருந்து சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் போதும், அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வாயைக் கோணிக்கொண்டு அதே மாதிரி காட்டுவார், நாங்கள் சிரிப்போம். இந்த வீட்டில் அதுவே வாடிக்கையாகிவிட்டது.

உன் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலையில் அதே இடத்தில் உட்கார்ந்து அதே மாதிரி வாயைக் கோணினார். நான் அடுப்படியிலிருந்தே, மகள் தோற்றுவிட்டு அழுகிறாள், உங்களுக்குக் கூத்து கேட்கிறதா என்று கத்தினேன். உன் சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். டீ வாயோரமாக ஒழுகிச் சட்டையெல்லாம் ஆனது, அதற்கும் சிரித்தாள். அப்புறம் பார்த்தால் ஒரு கண் மூடவே இல்லை. நடிக்கிறவனால் அப்படித் திறந்து வைத்திருக்க முடியாது. கரண்டியைப் போட்டுவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றேன். மாடியில் விளக்கு எரிந்தால் மோசமா, எரியாவிட்டால் மோசமா? தினமும் மூன்று வேளை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள் நான், அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. படத்தைக் கிழித்து எடுத்துப் பார்த்தேன். கேட்டுக்குப் பச்சை அடித்திருக்கிறாய், ஆன்டெனாவில் காக்காய் உட்கார வைத்திருக்கிறாய், அந்தக் காக்காய்க்கு மூக்கு வரைந்திருக்கிறாய். எது மூளை, எது நரம்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லையேடி மகராசி!

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், படத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான். அங்கே இருந்த டாக்டர் பெண்ணுக்கு உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். புருவத்தைத் தூக்கச் சொன்னாள், ஒரு பக்கம்தான் ஏறியது, நெற்றியில் மறுபாதி இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. மற்ற சோதனைகளையும் செய்துவிட்டு, மூளையில் ஒன்றும் இல்லை, நரம்புதான், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன. பிறகு அவள் உன் படத்தை வாங்கிப் பார்த்தாள். “மாடிக்கு மூளையோட ரெண்டு பக்கத்துலேருந்தும் லைன் வருதும்மா, அதனால ஒரு பக்கம் மூளையில அடின்னா மாடி எரியும். வாசல்ல இருக்கற ஒயரே போனாத்தான் ரெண்டு தளமும் இருட்டு,” என்றாள். உன் தேர்வுக் கதையைச் சொன்னேன், தானும் படிக்கிற காலத்தில் இதே கேள்வியில் தோற்றாளாம். வரைந்த பெண்ணுக்குக் கை நன்றாக இருக்கிறது, காக்காயைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். அதை அப்படியே உனக்குச் சேர்த்துவிட்டேன்.

இதை உனக்குச் சொல்லக்கூடாது, மனம் உடைந்துவிடுவாள் என்று அப்பா தடுத்தார். நீயோ ஏற்கெனவே உடைந்து தூளாகி உட்கார்ந்திருக்கிறாய், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், படுக்கும்போது இமையை மூடிப் பட்டை ஒட்டுகிறேன். விசில் ஊதினால் பக்கவாட்டில் காற்று போய்விடுகிறது, அதனால் பள்ளிக்கூடத்துக்கு லீவு, அந்த வருத்தம் அவருக்கு நிறைய. தினமும் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தோடு மல்லுக்கட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. நேற்று மாத்திரையைக் கையில் கொடுத்தால், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்கிறார், “இத நாலு நாள் நிறுத்திப் பாக்கட்டுமா? பாப்பா வர்ற வரைக்கும் மூஞ்சி இப்படியே இருந்தா, நேர்லயே பாத்துப் படிச்சுக்குவால்ல?”

பிடித்து உலுக்கி முழுங்க வைத்தேன். ஆகையால் பெட்டியைக் கட்டுவதானால் கட்டு, ஆனால் புத்தகத்தோடு வா, அந்த முகம் நேராவதற்குள் வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போய் மறுதேர்வை எழுது. தீர்க்காயுசாக இரு, எடுத்த படிப்பை முடி, தலைக்கு எண்ணெய் வை. வரும்போது, படத்தில் எது மூளை, எது நரம்பு என்று பெரிய எழுத்தில் எழுத ஒரு தடிப் பேனா வாங்கி வா.

உன் பன்னிரண்டாவது நரம்பு,
அம்மா