மெக்கானிக் வந்தால் திருப்பி அனுப்பவும்

ஏங்க,

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் மெக்கானிக் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மெஷின் ஓடுகிறது.

சரிசெய்தது நம் வாலு. நேற்று டிவியை அணைத்துவிட்டு, "கார்ட்டூன் சோறு போடுமா?" என்று அவளிடம் கத்தினீர்களே, அந்தக் கார்ட்டூனில் வரும் பெண் எங்கே மாட்டிக்கொண்டாலும் முதலில் ஒரு புத்தகத்தைத்தான் திறப்பாளாம். இவளும் காலையில் மெஷினோடு வந்த புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்துக்கூட்டி, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"அம்மா, கீழ ஒரு சின்ன மூடி இருக்காம். அதத் திறந்து சுத்தம் பண்ணணுமாம்."

வாங்கின நாளிலிருந்து நம் கண்ணில் படாத மூடி. உள்ளே உங்கள் சாக்ஸ். மெஷின் நின்றபோது, நான் துணியை அளவுக்கு மீறித் திணித்ததாகத் திட்டினீர்கள். அந்தக் கோபம்கூட மறந்துபோய், அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வகுப்புதாங்க படிக்கிறாள்.

சாக்ஸ் கொடியில் காய்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

சொல்ல மறந்தேன்: ரிமோட்டை எங்கே ஒளித்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. "சாயந்திரம் அப்பாக்கு இந்தப் புத்தகத்தப் படிச்சுக் காட்டட்டுமா? பாவம், அவருக்குத் தெரியாதுல்ல" என்றுதான் கேட்டாள்.