தனத்தின் தம்பிகள் போட்ட கூரை

கார்த்திகை 20, செவ்வாய்.

புயலில் எங்கள் கூரை பிய்ந்து ஐந்து நாளாகிறது. ராயபுரத்தில் இருக்கிற என் அண்ணன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் தனத்துக்கு மட்டும் நெட்டுக்குப்பத்திலிருந்து மூன்று தம்பிகளும் மூங்கிலும் கீற்றுமாக வந்து இறங்கிவிட்டார்கள். பிறந்த வீட்டுச் சீராம். அதை என்னிடம் நாலு தரம் சொல்லிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் சர்க்கார் குமாஸ்தா விழுந்த வீடுகளை எழுத வந்தார். நான்தான் முந்திக்கொண்டேன்.

"தனத்துக்கு இன்னாத்துக்கு சார் சர்க்கார் துட்டு? அவ வூட்டத்தான் தம்பிங்க கட்டிகினு கீறாங்களே. நாதியில்லாத எங்களுக்குக் குடு சார்."

அவர் அவள் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொண்டார். பணம் எப்போது வரும் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அவளுடைய கடைசித் தம்பி எங்கள் கூரைமேல் ஏறினான்.

"கீத்து மிச்சம் கீதுக்கா. உனுக்கும் போட்டுரச் சொல்லிச்சு எங்கக்கா."

நான் கீழே நின்று கீற்றை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது மழை கொட்டுகிறது. நான் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு சொட்டாவது ஒழுகித் தொலைக்கக் கூடாதா?