கூரைக்குப் பத்து வருடத் திட்டம்

ஞாயிறு, இரவு. மழை.

ஆராதனை முடிந்து சர்ச் கமிட்டி கூடியது. பத்து வருடப் பராமரிப்புத் திட்டத்தை நான்தான் வாசித்தேன். முதலில் ஒழுகும் கூரை, பிறகு வயரிங், கடைசியில்தான் புது மணிக்கூண்டு. பொருளாளர் டேனியல் அண்ணன் சிரித்தார்.

"மணிக்கூண்டு கட்டினா பேர் நிக்கும்மா. கூரையை எவன் அண்ணாந்து பாக்கப் போறான்?"

"ஒழுகினா பாப்பாங்கண்ணே."

"அப்ப நீங்க இருக்க மாட்டீங்களே. அடுத்த வருஷம் உங்க வீட்டுக்காரர் ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸைக் காலி பண்றவங்களுக்குப் பத்து வருஷத் திட்டம் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களும் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், ஒருநாள் காலி செய்ய வேண்டியவர்கள்தான். கடைசியில் கூரைக்கே சம்மதித்தார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு மேலே எங்கே ஒழுகுகிறது என்று யோசிப்பவள் நான். எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து நிமிராமல், "அது சரி, வடலூர் மனைக்கு என்ன சொல்ற? விக்கிறவங்க மறுபடியும் போன் பண்ணிட்டாங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பல மாதங்களாக இதே பதில்தான். வடலூரா, இவருடைய ஊரா, மகள் இருக்கும் சென்னையா? எதைச் சொன்னாலும், அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போவேன் என்றுதான் முதலில் தோன்றுகிறது. கடவுள் இருக்கிறாரா என்றே தெரியாதவளுக்கு இது ஏன் தோன்ற வேண்டும்? இதை இவரிடம் எப்படிச் சொல்வது?